ஆறாத கட்டியும் பாலூட்டும் தாயும்

பிள்ளை பெற்று மூன்று மாதமான ஓர் இளந்தாயை நேயர்கள் நினைவிற் கொள்ளலாம். ஒரு நாள் மாலை அவளுடைய இடது மார்பில் ஒரு தடிப்புத் தென்படுகின்றது. தொட்டால் நோகின்றது. வீட்டிலுள்ள மூத்தவர்கள் பார்த்துவிட்டு, "பால் கட்டிக்கொண்டது; வேறொன்றுமில்லை" என்கிறார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார்கள். தடிப்புக் குறையவில்லை. வைத்தியசாலையில் மருந்து கொடுக்கிறார்கள். ஒரு வாரம் விழுங்கியும் கட்டி இருந்தபடியே இருக்கின்றது. பின்னர் கீறிச் சீழை எடுக்கிறார்கள். புண்ணின் வாய் மூடுகின்றது. சில வாரங்களில் மீண்டும் திறந்து நீர் வடிகின்றது. இரண்டாம் முறையும் கீறுகிறார்கள். இதற்கிடையிற் பிள்ளை தாய்ப்பாலை மறந்து பால்மாவுக்குப் பழகிவிடுகின்றது. தாயோ மெலிந்து, மனமுடைந்து, தன் பிள்ளைக்குப் பாலூட்டத் தனக்குத் தெரியவில்லை என்று தன்னையே நொந்துகொள்கிறாள்.

இவள் ஓர் ஊரைச் சேர்ந்த ஒருத்தி அல்லள். உலகின் பல நாடுகளில் வைத்தியர்கள் எழுதிவைத்த குறிப்புகளில் மீண்டும் மீண்டும் வரும் கதையின் சுருக்கமே இவள். அக்குறிப்புகள் எல்லாவற்றின் முடிவிலும் ஒரே பெயர் காணப்படுகின்றது: மார்பகக் காசநோய். கசம் என்றும் சயரோகம் என்றும் நம் முன்னோர் அஞ்சிய அந்நோய், நுரையீரலை விட்டு இங்கு வந்து குடியிருக்கக்கூடும் என்பதைப் பலர் அறியார். அறியாமையாற் காலம் வீணாகின்றது. இந்நோயை அடையாளம் காண்பது எவ்வாறு, அதில் ஏன் தாமதம் நேர்கின்றது, வீட்டிலுள்ளோர் செய்யத்தக்கது யாது என்பனவே இங்கு விளக்கப்படுகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாலூட்டும் தாயின் மார்பில் தோன்றும் கட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை காசநோயால் வருவன அல்ல. பால் வெளியேறாது தேங்குவதாற் சில வரும். முலைக்காம்பில் ஏற்பட்ட வெடிப்பின் வழியாகச் சாதாரணக் கிருமிகள் புகுந்து அழற்சியையும் சீழ்க்கட்டியையும் உண்டாக்குவதாற் சில வரும். இவ்வகை அழற்சி தக்க நுண்ணுயிர்கொல்லி மருந்தைக் கொடுத்து, மார்பிலுள்ள பாலையும் முறையாக வெளியேற்றிவந்தால், ஓரிரு நாளிலேயே தணியத் தொடங்கும். சீழ் வைத்திருந்தால் அதை வெளியேற்றியபின் ஆறிவிடும். ஆதலின் "பால் கட்டிக்கொண்டது" என்று சொல்லும் மூதாட்டி பெரும்பாலும் சரியாகவே சொல்கிறாள். அவள் சொல் பொய்க்கும் இடம் ஒன்று உண்டு. அதை அறிவிப்பது கட்டியின் தோற்றம் அன்று. ஆறாமல் நீளும் நாட்களே.

காசநோய் பொதுவாக நுரையீரல் நோய் என்றே கருதப்படுகின்றது. அதில் உண்மை உண்டு. நோயாளர் இருமும்போதும் தும்மும்போதும் காற்றிற் கலக்கும் கிருமி, மற்றொருவரின் சுவாசப்பையை அடைந்து அங்கே தங்குகின்றது. பெரும்பாலானோரில் உடலின் எதிர்ப்பு ஆற்றல் அதை அடக்கிவைக்கும். அடங்காத போது நோய் வெளிப்படும். ஆயின் கிருமி சுவாசப்பையோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ உடலின் எப்பகுதிக்கும் அது செல்லும். கழுத்தின் நிணநீர்க் கணுக்கள், முள்ளந்தண்டு, சிறுநீரகம், மூளையுறை ஆகியன அது தங்கும் இடங்களுட் சில. மார்பகம் அது அரிதாகவே தங்கும் இடம். காசநோய் குறைந்த நாடுகளில் மார்பக நோய்களாக வைத்தியரிடம் வருவனவற்றுள் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவானதே காசநோயாக இருக்கும் என்பர். காசநோய் மிகுந்த நாடுகளில் இவ்வளவு நூற்றுக்கு மூன்று, நான்கு வரை உயரும் என மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

மார்பகத்தை இந்நோய் அடையும் வழிகள் பல. அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களில் முதலில் நோய் தங்கி, அங்கிருந்து நிணநீர் பின்னோக்கிப் பாய்வதால் மார்பகத்தைச் சேர்தல் முதன்மையான வழியெனக் கருதப்படுகின்றது. இரத்தத்தின் வழியாக வருதல் மற்றொன்று. மார்பின் கீழுள்ள விலா எலும்பிலோ சுவாசப்பையின் உறையிலோ உள்ள நோய் நேரே பரவுதல் வேறொன்று. முலைக்காம்பின் வெடிப்பு வழியாகக் கிருமி வெளியிலிருந்து புகுதல் மிக அரிது. பாலூட்டும் காலத்தில் மார்பகத்துக்கு இரத்த ஓட்டம் மிகுகின்றது, பாற்குழாய்கள் விரிகின்றன, காம்பிற் சிறு காயங்களும் ஏற்படுகின்றன. ஆகவே, இருபது முதல் நாற்பது வயது வரையுள்ள பெண்களிடமே இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதும், அவர்களுள் பாலூட்டுவோர் கூடுதலாக ஏதுவாவதும் வியப்பன்று.

இந்நோயை முதன்முதல் எழுத்திற் குறித்தவர் இலண்டனிலுள்ள கைஸ் வைத்தியசாலையின் புகழ்பெற்ற சத்திரவைத்தியர் சேர் அஸ்ற்லி கூப்பர் ஆவார். 1829 ஆம் ஆண்டில் மார்பக நோய்கள் பற்றி அவர் வெளியிட்ட நூலில், இளம் பெண்களின் மார்பில் தோன்றும் ஒருவகை வீக்கத்தைக் கண்டமாலை சார்ந்த வீக்கம் என்று வருணித்தார். கண்டமாலை என்பது கழுத்துக் கணுக்கள் மாலைபோல் வீங்கும் நோய். கழுத்துக் கணு வீங்கிய பெண்ணின் மார்பிலும் வீக்கம் தோன்றுவதைக் கண்டு, இரண்டுக்கும் உறவுண்டு என்று அவர் எண்ணினார். அந்த உறவின் காரணம் யாதென்று அவர் அறிய வாய்ப்பில்லை. கூப்பரின் நூல் வெளிவந்து ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னர், 1882 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24 ஆந் திகதி, பேர்லின் நகரில் றொபேட் கொக் என்னும் அறிஞர் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த செய்தியை உலகுக்கு அறிவித்தார். அதன் பின்னரே கழுத்துக் கணுவும் முள்ளந்தண்டும் மார்பகமும் ஒரே பகைவனின் பாசறைகள் என்பது ஐயமற விளங்கிற்று.

கிருமி தெரிந்துவிட்டது, நோயை அறிவதில் இனி என்ன இடர் என்று நேயர்கள் கேட்கலாம். இடர் இந்நோய் பூணும் வேடங்களிலே உள்ளது. 1952 ஆம் ஆண்டில் மக்கியோன், வில்கின்சன் என்னும் இருவர் மார்பகக் காசத்தை ஐந்து வகையாகப் பிரித்தனர். பின்வந்தோர் அவற்றைச் சுருக்கி மூன்றாகச் சொல்வர். ஒன்று, மெல்ல வளரும் தனிக் கட்டியாகத் தோன்றுவது. மற்றொன்று, மார்பகம் எங்கும் பல இடங்களிற் பரவிப் புண்ணாகிப் புரையோடுவது. மூன்றாவது, சீழ்க்கட்டியாகத் தோன்றுவது. முதல் வகை புற்றுநோயைப் போலிருக்கும். மூன்றாம் வகை சாதாரணச் சீழ்க்கட்டியைப் போலிருக்கும். இளம் வயதினரிடம் சீழ்க்கட்டி வேடமே பெரிதும் காணப்படும். பாலூட்டும் தாயிடம் சீழ்க்கட்டி என்பது எல்லாரும் எதிர்பார்ப்பதொன்றாதலின், இந்த வேடத்தைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

புற்றுநோய் வேடமும் எளிதன்று. காசநோயின் வடுவினால் தோல் உள்வாங்கலாம், முலைக்காம்பு உட்குழியலாம், அக்குளிற் கணு தடிக்கலாம். இவை மூன்றும் புற்றுநோயின் அடையாளங்களாகவும் கூறப்படுவன. புற்றுநோயின் தோற்றத்தோடு வந்த மார்பகக் காசநோயாளர் நூறு பேரைப் பற்றி இந்தியச் சத்திரவைத்தியர்கள் 1995 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பாலூட்டும் காலத்திற் புற்றுநோய் வராது என்று எண்ணுவதும் தவறு; அரிதாயினும் அது வரும். இரு நோய்களும் ஒருங்கே இருத்தலும் உண்டு. ஆகையால், "இது புற்றுநோய் அன்று, காசநோயே" என்று கையால் தடவிப் பார்த்துச் சொல்லிவிட எவராலும் இயலாது.

இவ்விரண்டுக்கும் மேலாக மூன்றாவது மயக்கம் ஒன்றும் உண்டு. பிள்ளை பெற்ற சில ஆண்டுகளுக்குள், காரணம் தெளிவாகத் தெரியாத ஒரு மார்பக அழற்சி சிலருக்குத் தோன்றும். 1972 ஆம் ஆண்டில் இது தனி நோயாக முதன்முதல் விவரிக்கப்பட்டது. கட்டி, சீழ், வடியும் புண் எல்லாம் காசநோயைப் போலவே இருக்கும். நுணுக்குக்காட்டியின் கீழும் இரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றும். ஆயின் வைத்திய முறையோ ஒன்றுக்கொன்று எதிரானது. காரணமறியா அந்த அழற்சிக்கு ஸ்டீரொயிட் மருந்து கொடுப்பதுண்டு. அம்மருந்து உடலின் எதிர்ப்பு ஆற்றலைத் தாழ்த்துவது. காசநோயாளிக்கு அதனைத் தனியே கொடுத்தால், அடங்கிக் கிடந்த கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டது போலாகும். எனவே இவ்விரண்டையும் வேறுபிரித்தறிதல் ஏட்டறிவு மட்டும் சார்ந்த செயலன்று. ஒரு தாயின் நலம் அதிலே தங்கியிருக்கின்றது.

அப்படியாயின் வைத்தியர் எதைக் கொண்டு ஐயுறத் தொடங்குவார்? சில குறிகள் உள. தக்க மருந்தை முறையாக உட்கொண்டும் குறையாத கட்டி முதலாவது. சீழ் எடுத்தபின் ஆறாது மீண்டும் மீண்டும் திறக்கும் புண், அல்லது தோலில் துளையிட்டு வடிந்துகொண்டேயிருக்கும் புண் இரண்டாவது. அதே பக்கத்து அக்குளிலோ கழுத்திலோ தடித்த கணு மூன்றாவது. சாதாரணச் சீழ்க்கட்டிக்குரிய கடும் வெப்பமும் செம்மையும் வலியும் இன்றிக் குளிர்ந்து கிடக்கும் கட்டி நான்காவது. வீட்டில் எவருக்கேனும் முன்பு காசநோய் இருந்திருத்தல், அல்லது இப்போது நீங்காத இருமல் இருத்தல் ஐந்தாவது. இவற்றுள் ஐந்தாவதைப் பெரும்பாலும் வைத்தியர் கேட்டாலன்றி எவரும் சொல்வதில்லை. சிலர் கேட்டாலும் மறைப்பர். மாமனாருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த இருமலுக்கும் மருமகளின் மார்பிலுள்ள கட்டிக்கும் தொடர்பிருக்கும் என்று வீட்டார் நினைப்பதில்லை.

மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, இருமல் ஆகியன காசநோயின் அடையாளங்கள் என்று பாடநூல்கள் கூறும். மார்பகக் காசம் உள்ளவர்களுட் பெரும்பாலோரிடம் இவை காணப்படுவதில்லை. மேலும், பிள்ளை பெற்ற பெண்ணின் மெலிவையும் களைப்பையும் இரவு வியர்வையையும் பிரசவத்தின் விளைவென்றே எல்லாரும் கொள்வர். ஆகவே இக்குறிகள் இருந்தால் ஐயம் வலுப்பெறும். இல்லையென்பதால் ஐயம் நீங்கிவிடாது.

ஐயம் தோன்றியபின் சோதனைகள் தொடங்கும். ஸ்கான் என்று வழங்கும் ஒலியலைப் படம் பாலூட்டும் தாய்க்குத் தீங்கற்றது. அது கட்டியின் அளவையும் உள்ளே திரவம் உண்டா என்பதையும் காட்டும். கட்டியின் காரணத்தைக் காட்டாது. நெஞ்சின் எக்ஸ்றே படம் சுவாசப்பையில் நோய் உண்டா எனக் காட்டும். மார்பகக் காசமுள்ள பலருக்குச் சுவாசப்பை தெளிவாகவே இருக்கும். கையில் ஊசியேற்றித் தடிப்பை அளக்கும் மன்டூ சோதனை, உடலுக்குள் கிருமி என்றோ புகுந்ததென்பதைச் சொல்லக்கூடும். அது இன்று நோயாக இருக்கின்றதா என்பதைச் சொல்லாது. பிறந்தவுடன் பீ. சீ. ஜி. ஊசி பெற்றவர்களிடம் அத்தடிப்பின் பொருளும் மயங்கும். இவையெல்லாம் துணைச் சாட்சிகளே. தலைமைச் சாட்சி கட்டியின் உள்ளேதான் இருக்கின்றது.

அச்சாட்சியைப் பெறுவதற்குக் கட்டியிலிருந்து சிறிது எடுத்துப் பார்க்க வேண்டும். நுண்ணிய ஊசியாற் சில கலங்களை உறிஞ்சி எடுத்தல் ஒரு முறை. சற்றுத் தடித்த ஊசியால் இழையத்தின் சிறு துண்டொன்றை எடுத்தல் மற்றொரு முறை. சீழ்க்கட்டியைக் கீறும்போது அதன் உட்சுவரிலிருந்து ஒரு துண்டை எடுத்தல் பிறிதொரு முறை. சீழைவிட அச்சுவரிலேயே நோயின் சுவடு தெளிவாகக் கிடைக்கும். எடுத்த இழையத்தை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்கும் அறிஞர், உடலின் காவற்கலங்கள் கிருமியைச் சூழ்ந்து அமைத்த சிறு மணிகள் போன்ற கூட்டங்களைக் காண்பார். பல கருக்களைக் கொண்ட பெரிய கலங்களும், நடுவிலே இறந்து பாற்கட்டி போலான பகுதியும் தென்படின், காசநோய் என்ற எண்ணம் மிக வலுக்கும்.

அந்த மணிகளுக்குள் கிருமியையே கண்டுவிட்டால் வழக்கு முடிந்தது எனலாம். ஆயின் மார்பகத்தில் கிருமிகள் மிகச் சிலவே இருக்கும். நிறமூட்டி நுணுக்குக்காட்டியாற் பார்க்கும் பழைய முறையிற் கிருமி தென்பட வேண்டுமாயின், ஒரு மில்லிலீற்றர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 வரையான கிருமிகள் இருத்தல் வேண்டும். அத்தனை கிருமி மார்பகக் கட்டியில் இருப்பது அரிது. ஆகவே "கிருமி தெரியவில்லை" என்ற அறிக்கையைக் "காசநோய் இல்லை" என்று வாசித்தல் பிழை. வளர்ப்புச் சோதனை இதனினும் நுண்ணியது; சில கிருமிகள் இருந்தாலே அவற்றை ஊட்டி வளர்த்துக் காட்டும். ஆனால் காலம் வேண்டும். சாதாரணக் கிருமிகள் பல அரைமணி நேரத்துக்குள் இரட்டிக்கும். காசக் கிருமி ஒருமுறை இரட்டிக்க ஏறத்தாழ ஒரு நாளை எடுத்துக்கொள்ளும். ஆதலால் முடிவு வர ஆறு, எட்டு வாரங்களும் செல்லலாம். ஜீன் எக்ஸ்பர்ட் என்னும் புதிய சோதனை கிருமியின் மரபுப்பொருளையே தேடிப்பிடித்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் விடை தரும். முதன்மை மருந்தாகிய றிபாம்பிசினுக்குக் கிருமி பணியுமா என்பதையும் அது உடன் கூறும். 2010 ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இதற்கு ஒப்புதல் அளித்தது. இதுவும் இல்லையென்றால் இல்லை என்று முடிவுகட்டும் ஆற்றல் உடையதன்று. உண்டென்றால் உறுதிப்படுத்தும் ஆற்றல் உடையது.

இங்கே சிறியதொரு செயல் பெரியதொரு முடிவைத் தீர்மானிக்கின்றது. இழையத் துண்டைச் சோதனைக்கு அனுப்பும்போது போமலின் என்னும் திரவத்தில் இடுவது வழக்கம். இழையத்தின் அமைப்பைக் கெடாது காப்பதற்கு அது வேண்டும். ஆனால் போமலின் கிருமியைக் கொன்றுவிடும். கொன்ற கிருமியை வளர்க்க இயலாது. ஆகவே எடுத்த துண்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் போமலினிலும் மற்றொன்றைக் கிருமி நீக்கிய உப்புநீரிலும் இட்டு அனுப்ப வேண்டும். இதைச் செய்வதற்குக் கூடுதலாக ஒரு சிறு போத்தலும், காசநோயாக இருக்குமோ என்ற எண்ணமுமே தேவை. போத்தல் எங்கும் உண்டு. எண்ணம்தான் பல வேளைகளில் இல்லாதுபோகின்றது. முதல் முறை கீறியபோதே அந்த எண்ணம் தோன்றியிருந்தால், இரண்டாவது கீறலுக்குத் தேவையே இராது.

நோய் இதுவென்று தெளிந்தபின் அச்சத்துக்கு இடமில்லை. நுரையீரற் காசத்துக்குரிய மருந்துகளே இதற்கும் உரியன. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள். ஆக ஆறு மாதம். நோயின் நிலை நோக்கிச் சிலருக்கு வைத்தியர் இக்காலத்தை நீட்டுவதுமுண்டு. தேங்கிய சீழை ஊசியால் எடுக்க நேரலாம். மார்பகத்தையே அகற்றும் தேவை இக்காலத்தில் மிக அரிது. றிபாம்பிசின் உட்கொள்ளும்போது சிறுநீரும் வியர்வையும் செம்மஞ்சள் நிறம் கொள்ளும். தாய்ப்பாலின் நிறமும் சற்று மாறலாம். இதைக் கண்டு அஞ்சி மருந்தை நிறுத்திவிடலாகாது. கருத்தடை மாத்திரையின் ஆற்றலையும் அம்மருந்து குறைக்குமாதலின், அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விட விரும்புவோர் வேறு முறையை வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

இனி எல்லாத் தாய்மாரின் உள்ளத்திலும் முதலில் எழும் வினாவுக்கு வரவேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா? பசுவின் மடியிற் காசநோய் வந்தால் அந்நோய் பாலின் வழியாகக் குழந்தைகளைச் சேர்வதைக் கண்ட உலகம், தாயின் பாலையும் அவ்வாறே ஐயுற்றது இயல்பே. ஆனால் மனிதரிடையே இந்நோய் பரவுவது காற்றின் வழியாகவே. தாய்ப்பாலின் வழியாக அன்று. மருந்துண்ணும் தாயின் பாலிற் கலக்கும் மருந்தின் அளவு மிகச் சிறிது. அது பிள்ளைக்குத் தீங்கு செய்யப் போதாது. நோயைத் தடுக்கும் மருந்தாகவும் போதாது. எனவே நோய் கொண்ட மார்பிலிருந்து ஊட்டுவதை வைத்தியர் அனுமதிக்கும் வரை நிறுத்தி, அதிலுள்ள பாலைப் பீய்ச்சி அகற்றிவிட்டு, நலமான மார்பில் ஊட்டிவருதலே பொதுவாகக் கூறப்படும் அறிவுரை. ஒரு மார்பின் பாலைக் கொண்டே பிள்ளை வளரும். இரட்டைப் பிள்ளைகளை ஆளுக்கொரு மார்பாக வளர்த்த தாய்மாரை ஊரிற் கேட்டால் இதன் உண்மை புலனாகும். தாய்க்கு விற்றமின் பி 6 சேர்த்துக் கொடுப்பர்.

பிள்ளையையும் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். தாயின் சுவாசப்பையிலும் நோய் இருந்தால், இருமலால் வரும் ஆபத்தே பிள்ளைக்குப் பெரிது. அப்போது தாய் வாயையும் மூக்கையும் மூடிப் பாலூட்டுதலும், பிள்ளைக்குத் தடுப்பு மருந்து கொடுத்தலும் தேவைப்படலாம். பிறந்தவுடன் ஏற்றிய பீ. சீ. ஜி. ஊசி, சிறுவரைத் தாக்கும் மூளையுறைக் காசம் போன்ற கொடிய வகைகளிலிருந்து பெரிதும் காக்கும். ஆயினும் முற்றாகக் காக்கும் என்று இருந்துவிடலாகாது. வீட்டிலுள்ள மற்றவர்களும் சோதனைக்குச் செல்ல வேண்டும். ஏனெனில், தாய்க்கு அக்கிருமியைத் தந்தவர் அந்த வீட்டிலேயே, அறியாமல் இருமிக்கொண்டிருக்கக்கூடும்.

காசநோய் என்றால் வீட்டையும் பிள்ளையையும் பிரிந்து தொலைதூர ஆரோக்கிய நிலையத்துக்குப் போக வேண்டியிருந்த காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தை முடித்துவைத்ததிற் சென்னை நகருக்குப் பெரும் பங்குண்டு. 1956 ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்ட காசநோய் மருந்தாய்வு நிலையம், நோயாளரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஆரோக்கிய நிலையத்திலும் மறு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டிலிருந்தோர் ஏழைகள், நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்தோர். எனினும் மருந்தின் பயன் இரு பிரிவினருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வீட்டிலேயே மருந்துண்டவரின் குடும்பத்தாருக்கு அதனால் நோய்ப்பரவல் மிகவில்லை என்பதும் தெரியவந்தது. 1959 ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய் வைத்தியத்தின் போக்கையே மாற்றிற்று. இன்று ஓர் இளந்தாய் தன் பிள்ளையைப் பக்கத்திற் கிடத்திக்கொண்டே மருந்துண்டு குணமடைய முடிகின்றதென்றால், அன்றைய சென்னைக் குடிசைகளில் நாள் தவறாது மருந்துண்ட அந்நோயாளருக்கும் நன்றி கூறல் வேண்டும்.

காசநோய் மறைந்துவிட்ட நோய் அன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2023 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடியே எட்டு இலட்சம் பேர் இந்நோயுற்றனர். இலங்கையில் 2019 ஆம் ஆண்டிற் பதிவான நோயாளர் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர். இந்நாட்டில் மாவட்டந்தோறும் மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. அங்கு சோதனையும் மருந்தும் இலவசம். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வரும் குடும்பநல மருத்துவமாது, பிள்ளையின் நிறையைப் பார்ப்பதோடு தாயின் மார்பைப் பற்றியும் கேட்பது வழக்கம். பெண்ணுக்குப் பெண் என்ற முறையில் அவரிடம் கூச்சமின்றிச் சொல்லலாம்.

கூச்சமே இந்நோயின் மிகப் பெரிய துணைவன். மார்பைக் காட்ட வெட்கம். கசம் என்ற பெயருக்கு வெட்கம். வீட்டில் இளைய பெண்கள் இருந்தால் அவர்களின் கலியாணப் பேச்சுக் கெட்டுவிடுமோ என்ற அச்சம். இவற்றை மனத்திற் கொண்டு, ஒத்தடத்திலும் பத்தியத்திலும் மாதங்களைக் கழிப்போர் உளர். காசநோய் எவருடைய குற்றமும் அன்று. எவருடைய குலத்தின் கறையும் அன்று. அது காற்றில் வந்த ஒரு கிருமி. ஆறு மாத மருந்துக்கு அடங்குவது.

ஆகவே பாலூட்டும் தாய் இருக்கும் வீட்டார் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாற் போதுமானது. மார்பிற் கட்டி தோன்றினால் தோன்றிய நாளை நாட்காட்டியிற் குறித்துவைக்க வேண்டும். மருந்து தொடங்கிய நாளையும் குறித்துவைக்க வேண்டும். மருந்து தொடங்கி இரண்டு நாளில் தணிவு தெரியாவிட்டால் மீண்டும் வைத்தியரிடம் செல்ல வேண்டும். இரண்டு வாரமாகியும் கட்டி கரையவில்லையாயின், அல்லது ஆறிய புண் மீண்டும் திறந்ததாயின், அந்த நாட்கணக்கை வைத்தியரின் முன் வைத்து, "ஐயா, இது காசநோயாக இருக்கலாமா? ஒரு துண்டு எடுத்துச் சோதித்துப் பார்க்கலாமா?" என்று கேட்க வேண்டும். கேட்பதால் எந்த வைத்தியருக்கும் மதிப்புக் குறைவதில்லை. பெரும்பாலும் விடை "இல்லை" என்றே வரும். அப்போது மனம் ஆறுதல் அடையலாம். "ஆம்" என்று வரும் அந்த ஒருத்திக்கோ, அக்கேள்வி பல மாதத் துயரத்தையும் பல கீறல்களையும் தவிர்த்து, பிள்ளையை மீண்டும் அவள் மடியிற் சேர்க்கும்.